பிரேசில் உளுந்து வருது, ஒப்பந்தமெல்லாம் பேசறாங்க, டெல்டா உளுந்தை யாராவது நெனைச்சு பாத்தாங்களா?

#1 வெண்ணாத்தங்கரை

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம். இந்தியா பிரேசில் வர்த்தகம் பத்தி டிவில பெருசா பேசறாங்க, 2025 ஜூலைல பிரதமர் பிரேசிலியா போனப்ப ரெண்டு நாட்டு வியாபாரத்தை அஞ்சு வருஷத்துல 2,000 கோடி டாலருக்கு கொண்டு போறதா சொன்னாங்க, கச்சா எண்ணெய், சோயா எண்ணெய், மருந்து, விமானம்னு பட்டியல் போவுது. அதுல ஓரமா ஒரு வரி கெடக்கு, அதை யாரும் படிக்க மாட்டேங்கறாங்க. உளுந்து!

மத்திய அரசே சொன்ன கணக்கு, 2023ல பிரேசில்லேர்ந்து நமக்கு வந்த உளுந்து 4,102 டன். 2024ல அக்டோபர் முடியறதுக்குள்ளயே 22,000 டன்னை தாண்டிருச்சு. ஒரே வருஷத்துல அஞ்சு மடங்கு. இத்தனைக்கும் அந்த ஊர்ல உளுந்துன்னா என்னன்னே தெரியாது, நமக்காகவே போட ஆரம்பிச்சிருக்காங்க.

எனக்கு பிரேசில்காரன் மேல கோவம் ஒண்ணும் இல்லைங்க, அவனும் வெதைச்சு அறுத்துதான் சாப்புடறான். சம்பா தாளடி அறுத்ததுக்கு அப்பறம் நம்ம கைக்கு ரொக்கமா காசு வர்ற ஒரே பயிர் உளுந்து பயறுதான், தண்ணி கூட வேணாம், பனியிலயே வெளையும். ஒப்பந்தம் பேசற மேஜைல நம்ம அறுவடை மாசம் எழுதுன காலண்டர் ஒண்ணு மாட்டியிருக்காங்களா இல்லையா, இதுதான் என் கேள்வி. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 மண்டி மாப்ள

கும்பகோணம் மண்டிலேர்ந்து பேசறேன். அண்ணே 22,000 டன்னுங்கறது யானைப் பசிக்கு சோளப்பொறி. நாடு மொத்தமா வருஷத்துக்கு லட்சக்கணக்குல உளுந்து எறக்குமதி பண்ணுது, அதுல பெரும்பங்கு பர்மா சரக்கு. பர்மாவோட போட்ட ஒப்பந்தமே 2021-22லேர்ந்து 2025-26 வரைக்கும் வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை. மொசாம்பிக்கோட துவரைக்கு ஒண்ணு, மலாவியோட 50,000 டன்னுக்கு ஒண்ணு. பிரேசில் இன்னிக்கு வந்த ஆளு.

காலைல கடைய தொறக்கறதுக்கு முன்னாடி எங்க போன்ல வர்றது என்ன தெரியுமா, சென்னை துறைமுகத்துல பர்மா எஃப்ஏக்யூங்கற சாதா தரம் என்ன ரேட்டு, எஸ்க்யூ என்ன ரேட்டு. எஸ்க்யூன்னா கொஞ்சம் பெருவெட்டு, நல்ல சரக்கு, நம்ம பக்கத்து மில்லுக்காரங்க அதைத்தான் கேப்பாங்க. அந்த ரேட்டை வெச்சுத்தான் விருதுநகர்ல வெலை, அதை வெச்சுத்தான் நாங்க உங்க மூட்டைக்கு வெலை சொல்றோம். நீடாமங்கலத்து உளுந்துக்கு ரங்கூன்ல வெலை வெக்கறது இன்னிக்கு நேத்திக்கு நடக்கறது இல்ல.

#3 காவேரிக்கரை கருப்பட்டி

அப்ப பிரேசில் மேட்டர் சும்மா பூச்சாண்டியா??

#4 மண்டி மாப்ள

பூச்சாண்டின்னு சொல்லல. சீசன பாருங்க. நம்ம உளுந்து தை மாசம் தெளிப்பு, பங்குனில அறுப்பு. பர்மாக்காரனுக்கும் கிட்டத்தட்ட அதே சமயம்தான் அறுப்பு, அதனால அவன் சரக்கும் நம்ம சரக்கும் ஒரே நேரத்துல மார்க்கெட்டுல மோதும். பிரேசில் அப்படி இல்ல. அங்க சோயாவை அறுத்துட்டு பிப்ரவரி மார்ச்சுல ரெண்டாவது பயிரா போடறாங்க, ஜூன் ஜூலைல அறுப்பு, அப்பறம் சான்டோஸ் மாதிரி துறைமுகத்துல ஏத்தி ஆப்பிரிக்கா முனையை சுத்திக்கிட்டு வரணும், அதுக்கே ஒரு மாசத்துக்கு மேல ஆயிரும். நம்மூருக்கு சரக்கு வந்து சேர ஆவணி புரட்டாசி. அப்ப உங்க கையில உளுந்து இருக்குமா? வீட்டுக்கு இட்லிக்கு எடுத்து வெச்ச ரெண்டு மரக்கா தவிர எல்லாம் வித்துருப்பீங்க.

#5 வெண்ணாத்தங்கரை

மாப்ள இந்த சீசன் வெவரம்தான் எனக்கு வேணும். ஆனா ஒண்ணு இடிக்குது. ஆவணிலதான் வருதுன்னா பங்குனில எங்க மூட்டைக்கு வெலைய ஏன் ஒடைக்கறீங்க? போன சீசன்லயே எங்க ஊருக்கு வந்த வியாபாரி "பிரேசில் மால் வரும்"னு சொல்லித்தான் கொறைச்சு கேட்டாரு. வராத கப்பலுக்கு இப்பவே கழிவா?

#6 மண்டி மாப்ள

ஆமாண்ணே, வராத கப்பலுக்குத்தான் கழிவு, அதுதான் வியாபாரம். முன்னல்லாம் பங்குனில நாங்க வாங்கி குடோன்ல அடுக்கிருவோம், வட்டி கட்டுவோம், வண்டு வராம மருந்து போட்டு மூடி வெப்போம், ஆடி ஆவணில சரக்கு கொறைஞ்சு வெலை ஏறும், அப்ப விப்போம். அந்த ஏத்தத்துல ஒரு பங்குதான் பங்குனில உங்களுக்கு குடுக்கற வெலை. இப்ப ஆவணில பிரேசில் கண்டெய்னர் எறங்கும்னா அந்த ஏத்தம் எனக்கு கெடைக்குமாங்கறதே சந்தேகம், அப்பறம் எந்த தைரியத்துல நான் பங்குனில அள்ளி வெப்பேன். இதுக்கு நடுவுல 2023 ஜூன்ல துவரைக்கும் உளுந்துக்கும் இருப்பு வரம்பு வேற போட்டாங்க, இத்தனை டன்னுக்கு மேல வெச்சுக்க கூடாதுன்னு. வெக்கவும் கூடாது, வெச்சாலும் லாபம் இல்லன்னா சின்ன மண்டிக்காரன் அன்னன்னிக்கு வாங்கி அன்னன்னிக்கு தள்ளிட்டு போயிடுவான். இப்ப கும்பகோணத்துல பாதி பேரு அப்படித்தான்.

#7 மெஸ் அக்கா மாயவரம்

நான் கொஞ்சம் வேற பக்கத்துலேர்ந்து பேசிக்கறேன் தம்பிகளா. எனக்கு மெஸ், தெனம் மாவு ஆட்டணும். உளுந்து வெலை ஏறினா நான் இட்லி வெலைய ஏத்த முடியாது, ஒரு ரூபா ஏத்தினா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கற ஆளுங்க அடுத்த கடைக்கு போயிடுவாங்க. அதனால வெளிநாட்டு சரக்கு வர்றதுல எனக்கு வருத்தமே இல்ல, வரட்டும்.

ஆனா மாவு காணறதுன்னு ஒண்ணு இருக்கு, அது ரேட்டு லிஸ்டுல வராது. நம்மூரு தை உளுந்து பொடிசாத்தான் இருக்கும், பாக்க அழகா இருக்காது, ஊற வெச்சு கிரைண்டர்ல போட்டு ஐஸ் தண்ணி தெளிச்சு தெளிச்சு ஆட்டினா அப்படியே பொங்கிக்கிட்டு மேல வரும், கையில எடுத்தா பஞ்சாட்டம் நிக்கும். அதே அளவு மூட்டை சரக்கு போட்டா பாத்திரத்துல முக்கால்தான் வரும், அப்ப இன்னும் ரெண்டு கைப்பிடி கூட போடணும், கணக்கு பாத்தா வெலை வித்தியாசமே அதுல போயிடுது. பழைய ஸ்டாக்குன்னா இன்னும் மோசம். கடைக்காரர்கிட்ட எந்த ஊரு உளுந்துன்னு கேட்டா "நம்பர் ஒன்"ங்கறாரு. நம்பர் ஒன்னுங்கறது எந்த மாவட்டத்துல இருக்கு?

#8 காவேரிக்கரை கருப்பட்டி

நம்பர் ஒன் மாவட்டம் 😂😂 அக்கா செம

#9 சாவோபாலோ சோழநாட்டான்

பாபநாசம் சொந்த ஊரு, சாப்ட்வேர் வேலைக்காக சாவோ பாலோல இருக்கேன். இங்கேர்ந்து பாக்கறப்ப தெரியற சில விஷயம் சொல்றேன்.

முதல்ல, இவங்க தெனமும் சோறும் பீன்ஸும் சாப்புடறவங்க, நம்ம சோறு சாம்பார் மாதிரி அது இல்லாம மதியம் கெடையாது. ஆனா அது வேற பீன்ஸ், ராஜ்மா வகை. கறுப்பு பீன்ஸும் உண்டு, பாத்தா உளுந்துக்கு பெரியப்பா மாதிரி இருக்கும், அதுவும் உளுந்து இல்ல. உளுந்தை இங்க எவனும் திங்க மாட்டான். அதனால இவங்க போடற உளுந்து முழுக்க முழுக்க இந்தியாவ நம்பித்தான். இந்தியா வேணாம்னுட்டா மாட்டுக்குத்தான் போடணும்.

ரெண்டாவது, உளுந்து பயறு எள்ளுன்னு இந்த ரெண்டாவது பயிரெல்லாம் அதிகமா மாட்டோ குரோசோ மாநிலத்துல. அங்க ஒரு பண்ணைன்னா நம்ம ஊரு பத்து பதினஞ்சு கிராமத்து வயலை ஒண்ணா சேத்தாப்ல இருக்கும். விதைக்கறதும் மெஷின், மருந்தும் மெஷின், அறுப்பும் மெஷின். சோயாவுக்கு போட்ட உரத்தோட மிச்சத்துலயே இந்த பயிர் வந்துருது. யோசிச்சு பாத்தா நம்ம பண்றதும் அதேதான், நெல்லுக்கு போட்டதோட மிச்சத்துலயும் பனியிலயும்தான் நம்ம உளுந்து வெளையுது. ரெண்டு பேருக்குமே இது மேல் வருமானம், அதனாலதான் ரெண்டு பேருமே வெலை கொறைஞ்சாலும் பல்ல கடிச்சுக்கிட்டு போடறோம்.

மூணாவது முக்கியமானது. மாட்டோ குரோசோவெல்லாம் அம்பது அறுபது வருஷம் முன்னாடி ஒண்ணுத்துக்கும் ஒதவாத புளிச்ச மண்ணு. 1973ல எம்பிராபான்னு அரசு ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பிச்சு, சுண்ணாம்பு போட்டு மண்ணை மாத்தி, சூட்டுக்கு தாங்கற சோயா ரகம் கண்டுபுடிச்சாங்க. அதே 1973ல அமெரிக்கா திடீர்னு சோயா ஏத்துமதிய நிறுத்துச்சு, ஜப்பான் கதிகலங்கி போச்சு. அப்ப ஜப்பான் என்ன பண்ணுச்சு, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கற பிரேசிலோட கை கோத்து 1979லேர்ந்து செராடோங்கற அந்த புளிச்ச மண்ணு நெலத்துல கடன் குடுத்து, விவசாயிய குடியேத்தி, இருபது வருஷத்துக்கு மேல பணம் போட்டுச்சு. வெறும் சரக்கு ஆர்டர் குடுக்கல, வெளையற எடத்துல முதலீடு பண்ணுச்சு. இதே மாடலை பின்னாடி மொசாம்பிக்ல கொண்டு போனப்ப அந்த ஊரு விவசாயிங்க எங்க நெலம் போயிரும்னு எதுத்து நின்னாங்க, 2020ல மூட்டை கட்டிட்டாங்க, அது வேற கதை. இந்தியா பிரேசில் உறவுல நாம இன்னும் ஜப்பான் பண்ணுனதுல கால்வாசி கூட பண்ணல, வரி இல்ல வா, வரி போட்டாச்சு போ, அவ்வளவுதான்.

#10 மூணு மா முதலாளி

திருத்துறைப்பூண்டி. எனக்கு மூணு மா, அதாவது ஒரு ஏக்கர் சொந்தம், மிச்சம் குத்தகை. நீங்கல்லாம் கப்பல் துறைமுகம்னு பேசறீங்க, எங்க ஊருல உளுந்து கொறைஞ்சதுக்கு பிரேசிலும் காரணம் இல்ல பர்மாவும் காரணம் இல்ல, பெல்ட் வண்டிதான் காரணம், அதான் நெல்லு அறுக்கற மெஷின்.

கையால அறுத்த காலத்துல அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி நெல்லுக்குள்ளயே உளுந்து தெளிச்சு விட்ருவோம். வயல் மெழுகு பதத்துல இருக்கணும், கால் வெச்சா தடம் பதியணும், தண்ணி நிக்க கூடாது. ஆளு எறங்கி அறுக்கறப்ப உளுந்து ரெண்டு எலை விட்டுருக்கும், மிதிபட்டாலும் எந்திரிச்சுக்கும். இப்ப அறுப்பு மெஷின் எறங்குது, அது போன தடமெல்லாம் மொளைச்சது நசுங்கி போச்சு. அது முடிஞ்சா வைக்கோல் கட்டற மெஷின் வருது, அது ஒரு சுத்து. ரெண்டு தடவை மிதிச்சா ஒரு மா நெலத்துல பாதி வெளைச்சல் கூட தேறாது. சரி மெஷின் போனப்பறம் தெளிக்கலாம்னா ஈரம் போயிடுது, தாள் வேற உயரமா நிக்குது. கையால அறுக்க ஆளும் கெடையாது, கூலியும் கட்டாது. தை மாசத்துல திடீர்னு ஒரு மழை அடிச்சா தெளிச்சதும் அழுகிடும். தப்பி வந்தா மஞ்சள் தேமல், வெள்ளை ஈ. இவ்வளவும் தாண்டி மூட்டையாக்கி ரோட்டுல காய வெச்சு கொண்டு போனா ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு திருப்பி விடறாங்க.

இதுல பிரேசில் எங்க வந்துச்சு?

#11 வெண்ணாத்தங்கரை

அண்ணே பிரேசில் இங்கதான் வருது. சோழநாட்டான் சொன்ன மாதிரி அவங்களுக்கு ரெண்டாவது பயிர மெஷின்ல போட்டு மெஷின்ல எடுக்கறது கைவந்த கலை. நமக்கு வேண்டியது அவங்க உளுந்து இல்ல, அந்த வித்தை. அவங்க மெஷினை அப்படியே கொண்டாந்தா நம்ம வரப்புல திரும்பவே முடியாது, அது தெரியும். லேசான வண்டி, அகலமான பெல்ட், உளுந்து ஒசரமா காய்க்கற ரகம், ஒரே நேரத்துல முத்தற ரகம், மெஷின்ல அறுத்தா காய் வெடிச்சு கொட்டாத ரகம், இதுக்கெல்லாம் ரெண்டு நாட்டு ஆராய்ச்சியும் சேந்து ஒக்காரணும். 2025 ஜூலைல அந்த பயணத்தப்பவே நம்ம இந்திய வேளாண் ஆராய்ச்சி கவுன்சில் ஐசிஏஆரும் அவங்க எம்பிராபாவும் ஆராய்ச்சிக்கு ஒப்பந்தம் போட்டாங்க. போட்ட கையெழுத்து நம்ம பக்கத்து ஆராய்ச்சி நெலையம் இருக்கற ஆடுதுறைக்கும் வம்பனுக்கும் வந்து சேந்துச்சான்னுதான் பாக்கணும். நெல் தரிசுக்குன்னே ஏடிடி 3 உளுந்தை குடுத்தது ஆடுதுறை, விபிஎன் ரகமெல்லாம் வம்பன் பயறு ஆராய்ச்சி மையம், தஞ்சாவூர்ல உணவு பதப்படுத்துற நிஃப்டெம் இருக்கு. எல்லாம் நம்ம வாசல்லயே இருக்கு, டில்லில கையெழுத்து போடறவங்களுக்கு இந்த மூணு ஊரும் மேப்புல தெரியணும்.

#12 ஓசூர் நைட் ஷிப்ட்

மன்னார்குடி ஆளு, ஓசூர்ல வேலை. பிரேசில் முதலீடு தமிழ்நாட்டுக்கு வராமலே இல்லைங்க. மோட்டார் பண்ற வெக் கம்பெனி பிரேசில்காரங்க, ஓசூர்ல 2011லேர்ந்து ஃபேக்டரி. அந்தப் பக்கம் நம்ம ராயல் என்ஃபீல்டு 2022 டிசம்பர்ல அமேசான் காட்டு நடுவுல இருக்கற மனாஸ்ல வண்டி கோக்கற யூனிட் போட்டாங்க, பஜாஜ் 2024ல அதே ஊருல ஃபேக்டரி தொறந்தாங்க. அங்க வரி சலுகை மண்டலம், அதான் எல்லாரும் அங்க போறாங்க. நான் என்ன சொல்ல வரேன்னா பைக்குக்கும் மோட்டாருக்கும் முதலீடு ரெண்டு பக்கமும் ஓடுது, விவசாயத்துல மட்டும் சரக்கு மட்டும்தான் ஓடுது, அதுவும் ஒருவழிப் பாதை.

#13 கல்லணை காத்து

டெல்டாவுக்கு எந்த கம்பெனி வரும், 2020லதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டு எல்லாரையும் வெரட்டியாச்சே. அப்பறம் முதலீடு வரலன்னு அழுவுறது.

#14 வெண்ணாத்தங்கரை

அந்த சட்டத்துல தடுத்தது எண்ணெய் எரிவாயு கெணறு, உருக்காலை, தோல் பதனிடற ஆலை மாதிரி நெலத்தை கெடுக்கற சமாச்சாரம். பருப்பு மில்லு போடாதேன்னு எங்கயும் எழுதல. திருவாரூர் மாவட்டத்துல வெளையற உளுந்து தோலு உரிக்க விருதுநகர் போயி திரும்ப பாக்கெட்டா நம்ம ஊரு மளிகைக் கடைக்கே வருது, அந்த லாரி வாடகையும் நாமதான் கட்டறோம். சட்டத்து மேல பழி போடாதீங்க.

#15 கோடியக்கரை இறால்

வேதாரண்யம் பக்கம் வன்னாமி இறால் பண்ணை. இந்த இழைய படிச்சப்ப ஒண்ணு தோணுச்சு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் பிரேசில் மேலயும் 50 சதவீதம், நம்ம மேலயும் 50 சதவீதம் வரி போட்டான். எங்க இறாலுக்கு அமெரிக்காதான் பெரிய கிராக்கி. வரி வந்த உடனே வாங்கற கம்பெனி கவுண்ட்டுக்கு கவுண்ட்டு (கிலோவுக்கு எத்தனை இறாலுங்கற கணக்கு) வெலைய ஒடைச்சாங்க, குளத்துல இருக்கற இறாலை நிறுத்தி வெக்க முடியுமா, தீவனம் திங்குதுல்ல, குடுத்த வெலைக்கு புடிச்சு குடுத்தோம். ஒரே நாட்டை நம்பி பண்ணை போட்டா இதுதான் கதி. இப்ப பிரேசில்ல உளுந்து போடறவனும் ஒரே நாட்டை நம்பித்தான் போடறான், அது நாம. நம்ம அரசு நாளைக்கு வரி போட்டா அவன் நெலமை எங்க நெலமைதான். அவன் மேல பாவம் பாக்க சொல்லல, ஆனா ஒரு தடவை அடி வாங்குனா அடுத்த வருஷம் அவன் போட மாட்டான், அப்ப நமக்கு பஞ்சம் வர்ற வருஷத்துல யாரும் இருக்க மாட்டாங்க.

#16 மண்டி மாப்ள

இறால் அண்ணன் சொன்னது கனடாவுல நடந்தே போச்சு. கனடாக்காரன் மஞ்சள் பட்டாணி நமக்காக மூட்டை மூட்டையா போட்டான். 2017 நவம்பர்ல திடீர்னு 50 சதவீதம் வரி போட்டோம், அடுத்த மாசமே கொண்டைக்கடலைக்கும் மைசூர் பருப்புக்கும் 30. கப்பல் நடுக்கடல்ல இருக்கறப்ப வரி மாறினா எறக்குமதி பண்றவன் தலையில துண்டு. அப்பறம் 2023 டிசம்பர்ல பட்டாணிக்கு வரியே இல்லன்னாங்க, வந்து குவிஞ்சுது, ஊரெல்லாம் கடலைமாவுல பட்டாணி மாவு கலந்தாங்க, துவரை கொண்டைக்கடலை வெலையும் படுத்துச்சு. 2025 நவம்பர்ல மறுபடி 30 சதவீதம். உளுந்து மட்டும் 2021 மே மாசத்துலேர்ந்து தடையில்லாம வருது, 2026 மார்ச் 31 வரைக்கும்னு நீட்டிச்சாங்க, அதுவும் தேதி நெருங்கற நேரத்துல நீட்டிப்பாங்க, அதுவரைக்கும் மார்க்கெட்டுல ஒருத்தனும் வாங்க மாட்டான் விக்கவும் மாட்டான். மார்ச் 31ங்கறது என்ன தேதி பாத்தீங்களா? சரியா நம்ம பங்குனி அறுப்பு!

#17 வெண்ணாத்தங்கரை

அதான் மாப்ள! அதைத்தான் முதல் பதிவுல காலண்டர்னு கேட்டேன். வரி எவ்வளவுங்கறதை விட வரி எப்ப மாறும்ங்கறது நமக்கு பெருசு. நான் தை மாசம் வெதை தெளிக்கறப்ப பங்குனில வரி இருக்குமா இருக்காதான்னு தெரியணும். மாட்டோ குரோசோக்காரன் மாசில வெதைக்கறப்ப அவனுக்கும் ஆவணில இந்தியா கதவு தொறந்திருக்குமான்னு தெரியணும். ரெண்டு பேருக்குமே தெரியாது, டில்லில ஒரு நாள் ராத்திரி அறிவிக்கை வந்தாத்தான் தெரியும். நானும் அவனும் எதிரி எதிரின்னு எல்லாரும் சொல்றாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே தலைவலி.

இன்னொரு கூத்து. 2025 அக்டோபர்ல பருப்பு தற்சார்பு இயக்கம்னு 11,440 கோடி ரூவாயில ஆரம்பிச்சாங்க, 2030-31க்குள்ள 350 லட்சம் டன் வெளைச்சல், துவரை உளுந்து மைசூர் பருப்பு பதிவு பண்ணி கொண்டு வர்ற விவசாயிகிட்ட நாலு வருஷத்துக்கு முழுசா கொள்முதல்னு சொல்லியிருக்காங்க. நல்ல விஷயம்தான். அதே நேரத்துல பிரேசில், அர்ஜென்டினான்னு போயி எங்களுக்கு பருப்பு போடுங்கன்னும் கேக்கறாங்க. தற்சார்பு ஆயிட்டா அவங்க எதுக்கு, அவங்க வேணும்னா எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு? இதை ஒரே காயிதத்துல எழுதி குடுத்தாத்தான் அது ஒப்பந்தம். பிரேசில், அர்ஜென்டினா எல்லாம் இருக்கற மெர்கோசூர் வர்த்தகக் கூட்டமைப்பு நாடுங்களோட நமக்கு சலுகை வரி ஒப்பந்தம் 2009 ஜூன்லேர்ந்தே அமல்ல இருக்கு, இந்தியா குடுத்தது 450 பொருளு, அவங்க குடுத்தது 452, இப்ப அதை பெருசாக்க பேச்சு நடக்குது. அந்த பேச்சுல உளுந்துக்குன்னு மாசக் கணக்கு ஒண்ணு சொருகலாம்ல. மாசிலேர்ந்து சித்திரை முடிய வரி, அப்பறம் வரி இல்ல, அஞ்சு வருஷத்துக்கு இதை மாத்த மாட்டோம்னு. பிரேசிலுக்கு இதுல நஷ்டமே இல்ல, அவன் சரக்கே ஆவணிலதான் வருது!

#18 மண்டி மாப்ள

கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க ஆளுங்களை உங்களுக்கு தெரியாது. மாசில வரின்னு முன்கூட்டியே தெரிஞ்சா தையிலயே எல்லா பர்மா கண்டெய்னரையும் எறக்கி கிளியர் பண்ணி குடோன்ல போட்டுருவான், பங்குனில வரியும் இருக்கும், சரக்கும் ரொம்பி வழியும், உங்களுக்கு வெலையும் கெடைக்காது. வரி கட்டாம சுங்கத்துறை கட்டுப்பாட்டுல வெக்கற பாண்டட் குடோன்ல வெச்சா வெளிய எடுக்கற அன்னிக்கு இருக்கற வரி கட்டணும், அது சரி, ஆனா முன்னாடியே வரி கட்டாம கிளியர் ஆன சரக்கை யாரு என்ன பண்ணுவாங்க. தேதி மட்டும் போதாதுண்ணே, மாசத்துக்கு இத்தனை டன்னுன்னு அளவும் வேணும். அளவு வந்தா லைசென்சு வரும், லைசென்சு வந்தா அதை வாங்கறவன் விக்கறவன் வருவான். பழைய கோட்டா காலத்துல எங்கப்பா பட்ட பாடு எனக்கு தெரியும்.

#19 சாவோபாலோ சோழநாட்டான்

மாப்ள சொல்றது பர்மாவுக்கு பொருந்தும், கடலை தாண்டுனா சென்னை. பிரேசிலுக்கு அந்த விளையாட்டு கஷ்டம், ஜூலைல அறுத்ததை தை வரைக்கும் வெச்சிருந்து அனுப்பறதுக்கு இங்க யாருக்கும் பொறுமை கெடையாது, அடுத்த சோயா செப்டம்பர் கடைசில ஆரம்பிச்சிரும், சேமிப்பு குடோனெல்லாம் சோயாவுக்கும் சோளத்துக்கும்தான். அதனால தூரமா இருக்கற நாட்டோட உளுந்து ஒப்பந்தம் போடறதுதான் டெல்டாவுக்கு கொஞ்சம் பாதுகாப்புன்னு எனக்கு படுது, பக்கத்து நாட்டு சரக்கோட ஒரு பங்கை அந்த சீசன்லேர்ந்து எடுத்து இந்த சீசனுக்கு மாத்துனாப்ல ஆவும். யாருக்காவது இதுல மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க.

#20 கல்லணை காத்து

பிரேசில்காரனை ரொம்ப நல்லவனாக்கறீங்க. 2019ல நம்ம கரும்பு மானியம் தப்புன்னு உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட்டதுல பிரேசிலும் ஒருத்தன், ஆஸ்திரேலியா குவாத்தமாலாவோட சேந்து. 2021 டிசம்பர்ல நமக்கு எதிரா தீர்ப்பு, நாம மேல்முறையீடு பண்ணி அது கெடக்குது. குருங்குளம் சர்க்கரை ஆலைக்கு கரும்பு அனுப்பறவங்ககிட்ட போயி பிரேசில் நண்பன்னு சொல்லி பாருங்க.

#21 வெண்ணாத்தங்கரை

கேஸ் போட்டது உண்மை. வியாபாரம்னா அதுவும் இருக்கும். கேஸ் போட்டவன்கிட்டயே எத்தனால் தொழில்நுட்பமும் நாம கேட்டுக்கிட்டுதான் இருக்கோம், அவனும் நெல்லூர்லேர்ந்து போன ஓங்கோல் மாட்டை பெருக்கி இன்னிக்கு உலகத்துக்கே கறி ஏத்துமதி பண்றான். நண்பன் எதிரின்னு பாக்காம என்ன குடுக்கறோம் என்ன வாங்கறோம்னு பாப்போம்.

#22 மெஸ் அக்கா மாயவரம்

தம்பி நடுவுல நான் ஒண்ணு கேட்டுக்கறேன். மூட்டை மேல எந்த நாட்டு உளுந்து, எந்த வருஷத்து அறுப்புன்னு எழுதணும்னு ஒப்பந்தத்துல போட முடியாதா? நம்ம தை உளுந்துன்னு தெரிஞ்சா கிலோவுக்கு பத்து ரூபா கூட குடுத்து வாங்க நான் ரெடி, என்னை மாதிரி நெறைய பேரு இருக்காங்க. இப்ப எல்லாம் ஒரே சாக்குல கலந்துல்ல வருது.

#23 மூணு மா முதலாளி

அக்கா சொல்றதுதான் எனக்கு புரியற மாதிரி இருக்கு. வரி கோட்டாவெல்லாம் டில்லி சமாச்சாரம். நம்ம உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்காரங்க நம்ம உளுந்தை தனியா சாக்கு போட்டு பேர் எழுதி ஹோட்டலுக்கு நேரா குடுத்தா என்ன? ஒழுங்குமுறை கூடத்துல 2025-26க்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800 ரூவான்னு போர்டு போட்டிருந்தாங்க, ஆனா சிட்டா அடங்கல் ஆதார் பேங்க் புக்குன்னு எடுத்துக்கிட்டு போயி நம்ம மொறை வர்றதுக்குள்ள கடன்காரன் வீட்டு வாசல்ல வந்து நிக்கறான், அதான் வர்ற வியாபாரிகிட்ட களத்துலயே தள்ளிடறோம்.

#24 வெண்ணாத்தங்கரை

நேரா குடுக்கலாம்ணே, எங்க ஊரு குழுவுல பேசியிருக்கோம், காய வெக்க களமும் ஈரப்பதம் பாக்கற மீட்டரும் இருந்தா போதும்ங்கறாங்க. அக்கா உங்களுக்கு மாசத்துக்கு எத்தனை கிலோ ஆவும்னு தனி மெசேஜ்ல சொல்லுங்க.

அதோட, மெர்கோசூர் பேச்சுல மாசக் கணக்கு வேணும்னு எழுதி எம்பிக்கும் வேளாண்மைத் துறைக்கும் அனுப்பலாம்னு இருக்கேன். மாப்ள சொன்ன தையிலயே எறக்கிக்கற ஓட்டையையும் சேத்துத்தான் எழுதணும், இல்லன்னா படிக்கற அதிகாரியே அதை கேட்டு மடக்கிருவாரு. வரைவு எழுதி இங்க போடறேன், திருத்துங்க.

#25 மண்டி மாப்ள

போடுங்க பாக்கறேன். நான் கையெழுத்து போட்டா மண்டில என்னை ஒரு மாதிரி பாப்பாங்க, ஆனா கணக்கு சரி பண்ணி தரேன். பிரேசில் புதுப் பயிருக்கு ஆஃபர், அதாவது விக்கறவன் கேக்கற வெலை, சித்திரை வைகாசிலயே வர ஆரம்பிச்சிரும், வந்த உடனே இந்த இழையிலயே போடறேன்.

#26 வெண்ணாத்தங்கரை

டாலர்ல மட்டும் போடாதீங்க மாப்ள, அன்னிக்கு ரேட்டுக்கு ரூவாயில எவ்வளவு, சென்னை வரைக்கும் கப்பல் கூலி சேத்ததா சேக்காததா, அதையும் எழுதுங்க. மூணு மா அண்ணனுக்கு பாத்த உடனே புரியணும்.